மைக்கில் சொன்னதை மகளிடம் சொல்லவில்லை

(மாணவர் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



பெண்களோட சமாச்சாரத்தைப் பேச ஆம்பளை எதுக்கு என்று காலையில் டீ குடிக்கும்போதே ஒரு தோழி கேட்டார். சரியான கேள்விதான். பெண்களுக்காகப் பேசுகிற தகுதி எனக்கில்லை. நான் பேசப்போவது அப்பன்களைப் பற்றி. எனக்குப் பத்து வயதில் ஒரு மகள் இருக்கிறாள்.

வங்கியில் நகைக்கடன் பிரிவில் குமாஸ்தா நான். சுத்துப்பட்டுக் காலனிகளிலிருந்து நம்ம சனங்க வருவாங்க. மூணு பவுன் சங்கிலியை நீட்டி, "பாப்பாவுக்கு மஞ்சத்தண்ணி ஊத்தணும் சார், கொஞ்சம் சீக்கிரம் பாருங்க" என்பார்கள். கூடவே ஒரு பத்திரிகையும் வரும். பூப்பு நன்னீராட்டு விழா. அழைப்பது அப்பா. தெருமுனையில் மகள் படம் போட்ட ஆளுயர பேனர், மைக்செட், தாய்மாமன் சீர், மொய். தன் மகளுக்கு ரத்தம் வந்த செய்தியைக் கடன் வாங்கி மூன்று கிராமத்துக்குச் சொல்கிறான் அப்பன். "பாப்பாகிட்ட நீங்க என்ன சொன்னீங்க?" என்று ஒருவரிடம் கேட்டேன். "அதெல்லாம் பொம்பளைங்க பாத்துப்பாங்க சார்" என்று ரசீதை மடித்துப் பையில் வைத்தார். ஊருக்குச் சொல்ல இல்லாத வெட்கம், மகளுக்குச் சொல்ல மட்டும் எங்கேயிருந்து வந்தது?

சடங்கு முழுவதையும் பழிக்க மாட்டேன். உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் நம் கிழவிகளின் வைத்தியம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்த நாட்டில் அந்தக் களியைக் கேலி செய்கிறவன் முட்டாள். களை எடுக்கப் போகிற பிள்ளைக்குப் பத்து நாள் ஓய்வு கிடைக்கிறதே, அதுவும் நல்லதுதான். என் சண்டை ஓலை மறைப்போடும், தனித் தட்டோடும், தனித் தம்ளரோடும்.

இந்தத் தம்ளரை நமக்குத் தெரியாதா? ஊர்த்தெரு டீக்கடையில் நமக்கென்று தனியாக வைத்திருந்த தம்ளர்தானே இது? அதை எதிர்த்து அடிபட்ட பரம்பரை நாம். அதையே கொண்டுவந்து மகள் பக்கத்தில் வைக்கிறோம். தீட்டு என்கிற சொல் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். 2018 செப்டம்பரில் வந்த சபரிமலைத் தீர்ப்பில் நீதிபதி சந்திரசூட், மாதவிடாயைக் காட்டிப் பெண்ணை விலக்குவது அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு ஒழித்த தீண்டாமையின் ஒரு வடிவம் என்று எழுதினார். (அந்த அமர்வில் இருந்த ஒரே பெண் நீதிபதி இதை ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றில், எட்டாம் வகுப்பு தலித் மாணவியை மாதவிடாய் என்று சொல்லி வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் உட்காரவைத்துத் தேர்வெழுத வைத்தார்கள். அந்தப் பிள்ளைமேல் விழுந்தது ரத்தத் தீட்டா, சாதித் தீட்டா? பிரித்துச் சொல்ல முடிகிறதா?

சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது என்று 1916லேயே அம்பேத்கர் கொலம்பியாவில் வாசித்த கட்டுரையில் சொல்லிவிட்டார். அகமணம் என்றால் பெண்ணின் உடம்பைச் சுற்றிப் போட்ட வேலி. பொண்ணு தயார், முறைக்காரங்க பாத்துக்கங்க என்பதுதான் அந்தப் பேனரின் அர்த்தம். அதனால் சேதி ஊருக்குப் போகிறது. அவளுக்குப் போனால் கேள்வி கேட்பாள்.

நான் கவிதை எழுதுகிறவன். சொல்லை வைத்துப் பிழைக்கிறவன் என்று சொல்லலாம்தான். பிழைப்பு என்னவோ நகைக்கடனில்தான். பெண்ணின் பிறப்புறுப்புக்கு நம்மிடம் ரெண்டு தமிழ் இருக்கிறது. ஒன்று உயிரியல் புத்தகத்தில், வாத்தியார் "வீட்ல படிச்சுக்குங்க" என்று புரட்டிவிடுகிற பக்கத்தில். இன்னொன்று வசவில். கூலி கூடக் கேட்ட நம் தாய்மார்கள்மேல் பண்ணைக்காரன் வீசியது அந்த இரண்டாவது சொல். சாராயக்கடை வாசலில் நாமும் அதைத்தான் வீசுகிறோம். தன் உடம்பின் பெயரை ஒரு பிள்ளை முதன்முதலில் வசவாகக் கேட்டால், நாளைக்கு அந்த இடத்தில் ஒருத்தன் கைவைக்கும்போது எந்தச் சொல்லை வைத்து நம்மிடம் வந்து சொல்வாள்? நடவு வயலில் நம் பெண்கள் கூச்சமில்லாமல் பேசிச் சிரித்த பேச்சு ஒன்று உண்டு. பிள்ளைகள் பக்கத்தில் போனால் "போ அந்தாண்ட" என்று துரத்துவார்கள். எனக்கு அந்தப் பேச்சின்மேல்தான் ஆசை. ஆனாலும் வீட்டில் புத்தகச் சொல்லையே எடுத்துக்கொண்டோம். யோனி, கருப்பை, மாதவிடாய். வடமொழி வாடை அடிக்குதே என்று ஒரு தோழர் குறைப்பட்டார். அடிக்கட்டும். குரலைத் தாழ்த்தாமல் சொல்ல முடிகிறது. வேறு நல்ல சொல் கிடைத்தால் எழுதிப்போடுங்கள்.

எப்போது சொல்வது? ரத்தம் வருவதற்கு முன்னால். ஒன்பது பத்து வயதிலேயே வந்துவிடுகிற பிள்ளைகள் உண்டு, பதினைந்து ஆகிறவர்களும் உண்டு. "ஏம்ப்பா டிவியில நீலத் தண்ணி ஊத்திக் காட்டறாங்க?" என்று நாப்கின் விளம்பரத்தைப் பார்த்து மகள் கேட்டாள். "ரத்தம்தான் பாப்பா, செவப்பா காட்டப் பயப்படறாங்க" என்று ஆரம்பித்தேன். கருப்பை கைமுட்டி அளவு. மாசாமாசம் குழந்தைக்கு ஒரு படுக்கை விரிக்கிறது. குழந்தை தங்காதபோது அந்தப் படுக்கை கரைந்து வெளியே வருகிறது. மூணு நாள், ஏழு நாள் இருக்கும். முதல் ஒன்றிரண்டு வருசம் நாள் தவறி வரும், பயப்பட வேண்டாம். நாலஞ்சு மணி நேரத்துக்கு ஒருமுறை மாத்தணும். நீ தொட்டா ஊறுகாய் கெடாது.

குழந்தை எப்படி வருது என்று அடுத்த மாதம் கேட்டாள். வளர்ந்த ரெண்டு பேர் விரும்பிச் சேரும்போது, ஆணின் விந்தும் பெண்ணின் முட்டையும் சேர்ந்து வருகிறது. ரெண்டு பேருக்கும் விருப்பம் வேணும், ஒருத்தர் வேணாம்னா அத்தோட நிக்கணும். சின்னப் பிள்ளைங்ககிட்ட இதை யார் செஞ்சாலும் குற்றம் என்றேன். "ச்சீ" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். குடி ஒன்றும் முழுகவில்லை.

அம்மா சொல்லக்கூடாதா என்பீர்கள். சொல்லட்டும், என் வீட்டிலும் சொன்னார். ஆனால் சூளைக்கும் நடவுக்கும் விடியுமுன்னே போகிற அம்மாக்களின் தலையில் இதையும் ஏன் கட்டுகிறோம்? அம்மா மட்டும் சொன்னால் அது ஆம்பளைக்குத் தெரியக்கூடாத ரகசியமாகவே நிற்கும். ஒருவன் தப்பாகத் தொட்டதை அப்பாவிடம் சொல்லலாம் என்றே பிள்ளைக்குத் தோன்றாது. இந்தக் குற்றங்களில் பெரும்பாலும் கைவைக்கிறவன் பிள்ளைக்கு முன்பே தெரிந்தவன். வாத்தியாராக, மாமனாக, நம் இயக்கத்துத் தோழராகவும் இருக்கலாம். 2012ல் போக்சோ சட்டம் வந்தது. 1098 என்கிற எண்ணை மகள் மனப்பாடமாகச் சொல்வாள்.

சொன்னா கெட்டுப்போயிடும் என்கிறவர்களுக்கு ஒரு செய்தி. பம்பாயில் ர. தோ. கார்வே என்கிற கணிதப் பேராசிரியர் 1927லிருந்து பாலியல் கல்விக்கென்றே ஒரு பத்திரிகை நடத்தினார். வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதியது ஆபாசம் என்று அவர்மேல் வழக்கு. 1934ல் அவருக்காக வாதாடிய வக்கீல் அம்பேத்கர். தோற்றார்கள், கார்வே அபராதம் கட்டினார். நம் சுவரில் மாலை போட்டு வைத்திருக்கிற படத்தில் இருப்பவர் இந்த அம்பேத்கரும்தான்.

போன வாரம் மருந்துக்கடையில் நாப்கின் கேட்டேன். கடைப்பையன் தினத்தாளில் சுற்றிக் கறுப்புப் பையில் போட்டான். பேப்பரும் வேணாம் பையும் வேணாம் தம்பி என்று வாங்கிக் கையில் பிடித்தபடி பஸ் ஸ்டாண்டு வழியாக நடந்தேன். எதிரில் நம்ம காலனி ஆள் ஒருவர் வந்தார். பார்த்தார். "வீட்டுல யாருக்கும் ஒடம்பு சரியில்லையா?" என்றார். இல்லண்ணே, என் பொண்ணுக்கு, வர்றதுக்கு முன்னாடியே வாங்கி வைக்கிறேன் என்றேன். கொஞ்சநேரம் நின்றார். அவருக்கும் ஆறாவது படிக்கிற பெண் இருக்கிறாள். "எந்தக் கம்பெனி வாங்கினீங்க, காட்டுங்க" என்றார்.