அயல் மாநிலத்தில் சட்டத் துணை

கொச்சிக்குத் தெற்கே காயல் நீர் சூழ்ந்து கிடக்கும் கும்பளங்கியைப் பிழைப்பு நாடிச் சென்ற தமிழர் பலர் அறிவர். சீனவலைகளும் பொக்காளி வயல்களும் நிறைந்த ஊர் அது. வடக்கே சென்றால், ஃபோர்ட் கொச்சியில் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. டச்சுக்காரர் காலத்தில் குடியேறியவர்களின் வழியினர் என்பர். வில்லிங்டன் தீவை அடுத்த வாத்துருத்தியில் கூலி வேலைக்கு வந்த தமிழர்கள் நெருங்கி வாழ்கிறார்கள். முன்னே வந்தவரைவிடப் பின்னே வந்தவருக்கு ஒரு தொல்லை அதிகம். மலையாளம் அவர்களுக்குப் பாதி புரிகிறது. அந்தப் பாதிதான் ஆபத்து.

'அவகாசம்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். நமக்கு அது நேரம், அல்லது தவணை. மலையாளத்திலோ அதற்கு உரிமை என்பது பொருள். கும்பளங்கியில் கட்டட வேலை பார்க்கும் ஒருவருக்குக் கூலி பாக்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிறிது பணத்தைக் கையில் கொடுத்து, இனி அவகாசம் ஏதுமில்லை என்று எழுதிய தாள் ஒன்றை நீட்டுகிறார்கள். தவணை முடிந்தது போலும் என்று எண்ணி அவர் கையெழுத்திடுகிறார். அவர் விட்டுக்கொடுத்ததோ பாக்கிப் பணத்தின்மேல் தமக்கிருந்த உரிமையை! மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, முற்றிலும் தெரியாத மொழியைக் காட்டிலும் இத்தகைய உறவுமொழியே மிகுந்த அச்சத்தைத் தருகிறது.

கையெழுத்துக்கு முன் யாரிடம் கேட்பது? தேநீர்க் கடையில் கிடைக்கும் சட்ட ஆலோசனைக்குக் குறைவில்லை; அதை நம்பிக் கெட்டவர்களுக்கும் குறைவில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. கேரள மாநில ஆணைக்குழு எர்ணாகுளத்தில் அமைந்துள்ளது. அதன்கீழ் மாவட்ட ஆணைக்குழுக்களும் தாலுகாக் குழுக்களும் உண்டு. பெண்கள், சிறுவர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிலாளர், காவலில் இருப்போர் முதலியோர் வழக்கறிஞரின் உதவியை இலவசமாகப் பெறலாம். சொந்த மாநிலம் எது என்ற கேள்வி இத்தகுதிகளில் இல்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் போதும், அங்குள்ளவர்கள் எழுதிக்கொள்வார்கள். 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் வழி கேட்கலாம்.

குறையைத் தமிழிலேயே எழுதலாமா என்று நேயர்கள் கேட்கக்கூடும். எழுதலாம். ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் அதிகாரியிடம் முறையிடும் உரிமையை அரசியலமைப்பின் 350-ஆவது உறுப்பு அளிக்கிறது. ஆனால், பதிலும் தமிழில் வரும் என்று அது உறுதி கூறவில்லை. இதை நான் மறைப்பதற்கில்லை.

தடுப்புக்காவல் செய்திகளில் நீதிமன்றம் இன்னும் கண்டிப்பாக இருந்திருக்கிறது. மகாராஷ்டிரத்தில் இந்தி மட்டுமே அறிந்த ஹரிகிசன் என்பவருக்குக் காவலின் காரணங்கள் ஆங்கிலத்தில் தரப்பட்டன. ஓர் அதிகாரி வாய்மொழியாக இந்தியில் விளக்கினார். அது போதாது, அவருக்குப் புரியும் மொழியில் எழுத்திலேயே தரவேண்டும் என்று 1962-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து அவரை விடுவித்தது. மொழிபெயர்ப்பாளர்களாகிய எங்களுக்குப் பெருமை தரும் தீர்ப்பு அது!

மக்கள் நீதிமன்றம் எனப்படும் லோக் அதாலத்தைப் பற்றியும் ஒரு சொல். அங்கே கட்டணம் இல்லை. பகையின்றிச் சமரசம் காணலாம். ஆயினும் அங்கு ஏற்பட்ட முடிவின்மீது மேல்முறையீடு கிடையாது. எனவே சமரச வாசகத்தை வரிக்கு வரி தமிழில் சொல்லச் செய்து கேட்ட பின்னரே ஒப்பமிடுங்கள். தொகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள், யார் கையில் என்ற மூன்றும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். வேலை செய்த நாள்களைக் குறித்த சிறு நோட்டுப் புத்தகம் இருந்தால், பென்சிலால் எழுதியதாயினும் அதையும் கையோடு கொண்டுசெல்லுங்கள்.