வைக்கோலில் ஓடுமா நம் வண்டி?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



நம் வாட்ஸ்அப் குழுவில் இ20 பெட்ரோலைப் பற்றி மூன்று நாள் நடந்த சண்டை உங்களுக்கு நினைவிருக்கும். "சார், நீங்கள்தான் பேங்க்கில் இருந்தவர் ஆயிற்றே, பத்து நிமிடம் பேசுங்களேன்" என்று செயலாளர் என்னை மாட்டிவிட்டார். நான் படித்தது பி.காம். வேதியியலில் பிசகினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மைலேஜ் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள எரிசக்தி, பெட்ரோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஐந்தில் ஒரு பங்கு அதைக் கலந்தால் லிட்டருக்கு 6, 7 சதவீதம் சக்தி குறையும். ஆகவே மைலேஜ் குறைகிறது என்றவர் பொய் சொல்லவில்லை. பாதியாகிவிட்டது என்று ஃபார்வர்டு செய்தவர் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

என் கவலை வேறு. அந்த எத்தனால் எதிலிருந்து வருகிறது? பெரும்பகுதி கரும்பு, மக்காச்சோளம், அரிசி. நாம் சாப்பிடுகிற பொருள், அது விளைகிற நிலம், அதற்குப் பாய்கிற தண்ணீர். இவற்றைத் தொடாமல் வைக்கோல், சக்கை போன்ற கழிவிலிருந்து எடுக்க முடியுமா என்றுதான் பல நாட்டு அரசுகள் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்து வருகின்றன.

வைக்கோலிலும் சர்க்கரை இருக்கிறது. செல்லுலோஸ் என்ற நீளச் சங்கிலியாகக் கோத்து, லிக்னின் என்ற பசையால் பூட்டி வைத்திருக்கிறது. பேங்க் லாக்கர் மாதிரி இரண்டு சாவி வேண்டும். முதல் சாவி நீராவியும் அமிலமும், கட்டுமானத்தைத் தளர்த்தும். இரண்டாவது என்ஸைம், சங்கிலியை வெட்டிச் சர்க்கரையாக்கும். பிறகு ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்தால் எத்தனால்.

இரண்டாவது சாவி கிடைத்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் அமெரிக்கப் படையின் கூடாரத் துணிகள் மக்கிப்போயின. சாலமன் தீவுகளில் கிடைத்த ஒரு பூஞ்சை பருத்தியைத் தின்று தீர்ப்பதை ராணுவ ஆய்வகத்தில் எல்வின் ரீஸ், மேரி மாண்டல்ஸ் முதலானோர் ஆராய்ந்தார்கள். ஆரம்ப நோக்கம் மக்குவதைத் தடுப்பது. பின்னால்தான், இதே பூஞ்சையை வைத்துக் கழிவைச் சர்க்கரையாக்கலாமே என்று தோன்றியது. அதன் பெயரே ரீஸைக் கௌரவிக்கும் விதமாக ட்ரைக்கோடெர்மா ரீசி. இன்றும் இந்த வகை என்ஸைம்களுக்கு அதன் வாரிசுகள்தான் பயன்படுகின்றன.

ஆய்வகத்தில் நடப்பது ஆலையில் நடந்துவிடாது. 2022க்குள் செல்லுலோஸிலிருந்து ஆண்டுக்கு 1,600 கோடி காலன் எரிபொருள் என்று அமெரிக்கா 2007இல் சட்டமே போட்டது. அருகில்கூட வரவில்லை, ஆண்டுதோறும் இலக்கைக் குறைத்தார்கள். அயோவா மாநிலத்தில் நெவாடா என்ற ஊரில் 2015இல் திறந்த பெரிய ஆலை இரண்டே வருடத்தில் நின்றது.

நம் நாட்டில் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் பணத்தில் 2008இல் மும்பையில் ஓர் ஆய்வு மையம் வந்தது. 2019இல் இத்தகைய ஆலைகளுக்கு உதவ 1,969.50 கோடி ரூபாயில் ஜீ-வன் திட்டம் வந்தது. 2022 ஆகஸ்டில் ஹரியானாவின் பானிப்பட்டில் இந்தியன் ஆயிலின் ஆலை தொடங்கியது. 900 கோடிக்கு மேல் செலவு. ஆண்டுக்கு 2 லட்சம் டன் நெல் வைக்கோல், 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது திட்டம். டன்னுக்கு 150 லிட்டர்.

இப்போது என் கணக்கு. 900 கோடிக்கு 8 சதவீத வட்டி என்று வைத்தால் வருடம் 72 கோடி. லிட்டருக்கு 24 ரூபாய், வட்டி மட்டும். வைக்கோல், என்ஸைம், கூலி எதுவும் இதில் சேரவில்லை. ஆலை பாதித் திறனில் ஓடினால் அதுவே 48.

வைக்கோல் சும்மா கிடைக்கிறதே என்பீர்கள். நம் தஞ்சாவூர்ப் பக்கம் அது மாட்டுக்குத் தீவனம். அங்கே நெல் அறுத்துக் கோதுமை விதைக்க நடுவில் சில வாரம்தான் என்பதால் தாளை வயலிலேயே கொளுத்துகிறார்கள். டெல்லிக்காரர்கள் மூச்சுத் திணறுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் வருடம் முழுக்க ஆலைக்கு வேண்டியதை அந்தச் சில வாரத்திலேயே கட்டி, ஏற்றி, மழைபடாமல் அடுக்கவேண்டும். நான் கடன் பிரிவில் இருந்தபோது நார் ஆலைக்குக் கடன் கேட்டு வந்தவர் தேங்காய் மட்டை இலவசம் என்று எழுதியிருந்தார். ஆலை ஓடத் தொடங்கியதுமே மட்டைக்கு விலை வந்துவிட்டது. லாரி வாடகை தனி.

இத்தனையும் சொன்ன நான் இந்த ஆராய்ச்சிக்கு எதிரி இல்லை. இப்படி ஒரு திட்டத்துக்குக் கடன் கொடுங்கள் என்று எந்தக் கிளையிலும் நான் குறிப்பு எழுதியிருக்க மாட்டேன். தனியார் பணம் தயங்கும் இடம் என்பதால்தான் அரசு போடவேண்டியிருக்கிறது. கரும்புத் தண்ணீரை நினைத்தால் போடத்தான் வேண்டும்.

ஆனால் கடன் வாங்கியவரிடம் மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் கேட்டு வாங்குவோம். அதே மாதிரி எத்தனை டன் வைக்கோல் உள்ளே போனது, எத்தனை லிட்டர் வெளியே வந்தது, லிட்டருக்கு அடக்கவிலை என்ன என்று வருடம் ஒரு முறை ஒரே தாளில், நமக்குப் புரிகிற மாதிரி போடட்டும். அந்தத் தாள் வந்தால் குழுவில் முதலில் அனுப்புகிறவன் நானாகத்தான் இருப்பேன்.