வடமா, வான்வழியா?

(கொல்லிமலை ஆலத்தூர் நாட்டு மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழாசிரியன் பேச வந்தால் வல்வில் ஓரியின் கொடையைப் பேசுவான், கொல்லிப் பாவையைப் பேசுவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று யான் பேச வந்தது நும் கூரைமேல் நிற்கும் தட்டைப் பற்றி. நகைக்க வேண்டா. காரணம் சொல்கின்றேன்.

எம் பள்ளியிற் பயிலும் சிறுமி ஒருத்தியின் பாட்டியார், மிளகு விற்ற காசில் வீட்டுக்குத் தட்டு வாங்கி வைத்தார். சில திங்கள் கழித்து ஒருநாள் பள்ளிக்கே வந்துவிட்டார். "வாத்தியாரய்யா, படம் நின்னுபோச்சு. என்னமோ எழுத்தா ஓடுது. பேத்திக்கும் வெளங்கல. ஒரு எட்டு வந்து பாருங்க" என்றார். சென்று பார்த்தேன். கட்டிய பணம் தீர்ந்தது, மறுபடியும் கட்டுக என்னும் செய்தி ஆங்கிலத்தில் நின்றது. விற்றவர் எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கிப் படித்தேன். தொகுப்பின் பெயர் ஆங்கிலம். உள்ளிருந்த அலைவரிசைகளை எண்ணினேன். பாதிக்கு மேல் இந்தி. அவ்வீட்டில் இந்தி அறிந்தார் ஒருவரும் இலர். பாட்டியார் பார்ப்பவை மூன்று, பெயர்த்தி பார்ப்பவை இரண்டு. "இம்புட்டும் நானா கேட்டேன்? அவரு எழுதினாரு, நான் பணம் குடுத்தேன்" என்றார்.

அப்பாட்டியார் ஏமாளி அல்லர். மிளகு நிறுக்குமிடத்தில் தராசு முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். அங்கே அவரிடம் ஒரு கைப்பிடி கூடுதலாக வாங்கிவிட முடியாது. தொலைக்காட்சித் தொகுப்புக்கு எது எடைக்கல் என்பதை மட்டும் ஒருவரும் அவர்க்குச் சொல்லவில்லை.

2006 செப்டம்பரில் தமிழக அரசு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை விலையின்றி வழங்கத் தொடங்கியது. பெட்டி விலையின்றி வந்தது. படம் அவ்வாறு வரவில்லை. படம் வருவதற்கு இன்று இரண்டு வழிகள் உள. ஒன்று, மக்கள் 'கேபிள்' என வழங்கும் வடம். மற்றொன்று 'டிசு' எனப்படும் தட்டு.

வடத்தில், ஒரு நடுவிடத்தார் பெரிய தட்டுகளால் அலைகளை வாங்கி, ஒளியிழை வழியும் கம்பி வழியும் வீடுதோறும் பகிர்கின்றனர். வழியில் ஆங்காங்கே பெருக்கிகள் உண்டு. அவற்றிற்கும் மின் வேண்டும். நும் வீட்டில் விளக்கு எரிந்தாலும், இடையில் ஒரு பெருக்கிக்கு மின் இல்லையேல் படம் இல்லை. ஒருவர் வீட்டுக்கும் மற்றவர் வீட்டுக்கும் இடையே ஒரு பள்ளமும் ஓடையும் கிடக்கும் இம்மலையில், நான்கு வீட்டுக்காக எவர் வடம் இழுப்பார்? ஆகவே முதல் வினா, வடம் நும் சிற்றூர்க்கு வருகின்றதா என்பதே. வரவில்லையெனில் ஆராய்ச்சிக்கே இடமில்லை. வருமாயின் அதற்கு ஒரு பெருஞ்சிறப்பு உண்டு. பழுது பார்ப்பவர் நம் முகம் அறிந்தவராக, கூப்பிடு தொலைவில் இருப்பார். தட்டு பழுதாயின் தொலைபேசியில் எவரோ ஒருவர் எண்ணை அழுத்து, எண்ணை அழுத்து என்பார். பின்னர் ஆள் எழுபது கொண்டையூசி வளைவும் ஏறி வரவேண்டும்.

தட்டு நேரே வானத்திலிருந்து வாங்குகின்றது. நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 35,786 கி.மீ. உயரத்தில், நிலவுருண்டை சுழலும் அதே வேகத்தில் சுற்றி வருவதால், அத்துணைக்கோள்கள் நம் கண்ணுக்கு ஓரிடத்திலேயே நிற்பவை போலாகின்றன. கிழக்கு நெடுவரை 93.5 பாகையில் நிற்கும் கோளை இம்மலையிலிருந்து நோக்கினால், அது தென்கிழக்கில் அடிவானுக்கு மேல் ஏறத்தாழ 68 பாகை உயரத்தில் இருக்கும். அவ்வளவு உயரம் ஆதலின் மலைச்சரிவு பெரும்பாலும் மறைக்காது. மறைப்பவை முன்றிலில் நிற்கும் பலாவும், மிளகுக்கொடி ஏற்றிய சில்வர் ஓக்கு மரமுமே. தட்டுக்காகப் பலாவை வெட்டிவிடாதீர்கள். தட்டை நகர்த்தி வையுங்கள். மரம் ஆண்டுதோறும் வளரும் என்பதையும் எண்ணிப் பார்த்து இடம் தேர்க.

மூடுபனியால் படம் நிற்கின்றது என்று இங்கே பலர் சொல்லக் கேட்டிருக்கின்றேன். அது பிழை. இவ்வலைகளின் நீளம் ஏறத்தாழ இரண்டரை செண்டிமீட்டர். மூடுபனியின் நுண்துளிகள் அவற்றை ஒன்றும் செய்வதில்லை. கனமழையின் பெருந்துளிகள் உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. பெருமழையில் படம் நின்றால் ஒருவரையும் அழைக்க வேண்டா. மழை குறைந்ததும் தானே வரும். வெறும் மூடுபனியில் நின்றால் தட்டு திரும்பியிருக்கும், அல்லது கம்பி நனைந்திருக்கும். அதற்குத்தான் ஆளை அழைக்க வேண்டும்.

இரண்டில் ஒன்று ஒருபோதும் கெடாது என்று சொல்வாரை நம்பற்க. 2010 சூலையில் இன்சாட் 4பி கோளில் மின்குறை நேர்ந்து, அதன் அலைவாங்கிகளுள் பாதியை நிறுத்த வேண்டியதாயிற்று. அதனை நம்பியிருந்த சன் டைரக்டு வேறு கோளுக்கு மாற நேர்ந்தது. 2022 நவம்பரில் மென்பொருள் பற்றிய பிணக்கால் அரசு வடத்தொலைக்காட்சியின் ஏறத்தாழ 21 இலக்கம் பெட்டிகள் செயலற்றன. வானுக்கும் நோய் உண்டு, வடத்துக்கும் நோய் உண்டு.

இனிக் காசுக்கு வருவோம். தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2007 அக்டோபரில் தோற்றுவிக்கப்பெற்று, 2011 செப்டம்பரில் திங்களுக்கு 70 உருபாக் கட்டணத்தில் மீண்டும் தொடங்கியது. 2019 ஆகத்து 10 முதல் அதன் கட்டணம் 130 உருபாவும் வரியும் என்றாயிற்று. வரி நூற்றுக்குப் பதினெட்டு; ஆகக் கூட்டினால் 153 உருபா 40 காசு. வான்வழியில் நிறுவனத்துக்கு ஒரு விலை, தொகுப்புக்கு ஒரு விலை. முதலில் தட்டுக்கும் பெட்டிக்கும் ஒரு தொகை கொடுக்க வேண்டும். அதனை மறந்துவிட்டுத் திங்கட் கட்டணத்தை மட்டும் ஒப்பிடுவது, பாதிக் கணக்கு.

யான் எடைக்கல் என்று சொன்னது யாதெனில் இது: இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் நெறிகள் 2019 பிப்ரவரி முதல் நடப்புக்கு வந்தன. அவற்றின்படி நாம் கொடுப்பது இரண்டு பகுதி. ஒன்று, அலைவரிசைகளைக் கொண்டுவந்து சேர்ப்பதற்கான கூலி. மற்றொன்று, கட்டண அலைவரிசைகளின் விலை. கூலிக்கு 130 உருபா என்ற வரம்பு இருந்தது. முதலில் நூறு அலைவரிசைக்கும் 2020 மார்ச்சு முதல் இருநூறுக்கும் என விரிந்தது. 2024 சூலையில் அவ்வரம்பு நீக்கப்பட்டது. ஆதலின் இன்று கூலி எவ்வளவு என்று கேட்டே அறிய வேண்டும். கட்டண அலைவரிசை ஒவ்வொன்றையும் தனித்தனியே கேட்டு வாங்கும் உரிமை நமக்கு உண்டு. தொகுப்பாகத்தான் தருவேன் என்று ஒருவர் சொன்னால் அது நெறியன்று. சன் தொலைக்காட்சிக்கு 2019 இல் 19 உருபா. வரியோடு 22 உருபா 42 காசு. இப்படி ஒன்றிரண்டைத் தனியே எடுத்தால் மலிவாகலாம். ஐந்தாறு வேண்டுமெனின் தமிழ்த் தொகுப்பே மலிவாக வரவும் கூடும். இரண்டையும் கூட்டிப் பார்த்தாலன்றித் தெரியாது.

அந்தப் பாட்டியார் வீட்டில் நாங்கள் செய்ததும் இதுவே. பெயர்த்தியைக் கரும்பலகைக் கணக்குப் போலக் கூட்டச் சொன்னேன். அவர்கள் பார்த்த ஐந்தில் மூன்று, கட்டணமே இல்லாதவை! அவற்றுக்குச் சேர்ப்புக்கூலி ஒன்றே செலவு. மற்ற இரண்டைத் தனியே கேட்டு வாங்கினோம். அதுவரை கட்டிவந்ததற்கும் புதிய தொகைக்கும் இருந்த வேறுபாட்டைக் கண்டு பாட்டியார் ஒன்றும் பேசவில்லை. விரலை மடக்கி, கட்டிய திங்கள்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

திங்கட் கட்டணமே இல்லாத வழி ஒன்றும் உளது. தூரதர்சன் 2004 திசம்பரில் தொடங்கிய வான்வழிப் பணி, இன்று டிடி பிரீ டிசு எனப்படுவது. தட்டும் பெட்டியும் ஒருமுறை வாங்கினாற் போதும். ஏழைக்கு ஏற்றது என்று சொல்லவே விரும்பினேன். ஆயின் அதன் வரிசையைப் பாருங்கள்: பெரும்பகுதி இந்தி, தமிழுக்கு ஓரத்தில் ஒரு பலகை. பொதிகை என்று நம் மலையொன்றின் பெயரைத் தாங்கியிருந்த அலைவரிசையையும் 2024 சனவரியில் 'டிடி தமிழ்' ஆக்கிவிட்டனர். மலைமேல் வாழும் நமக்கு அது சற்றுக் கூடுதலாகவே உறுத்தும்.

காசைப் போலவே மொழியையும் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்பதால்தான் இதனைச் சொல்கின்றேன். தமிழ் அலைவரிசை என்ற பெயரில் வருவனவற்றுள்ளும் தமிழ் எத்துணை என்று கேட்க வேண்டும். 2006 இல் தொடங்கப்பெற்ற மக்கள் தொலைக்காட்சி, செய்தியையும் விளையாட்டையும் தமிழாகவே சொல்லலாம் என்று காட்டியது. சொன்னதால் ஒருவர்க்கும் விளங்காமற் போகவில்லை. நும் பாட்டிமார் சாமைக்கும் தினைக்கும், காட்டுக்கிழங்குக்கும் வழங்கும் சொற்களில் பல, கல்லூரியிற் பயின்ற எனக்கே புதியவை. மாலை மூன்று மணிப்பொழுதும் பெட்டி பேச, வீட்டார் வாய்மூடியிருந்தால் அச்சொற்களைப் பிள்ளைகள் எவரிடம் கேட்பர்?

பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டார்க்கு ஒன்று. தமிழக அரசு 2019 ஆகத்தில் கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கி, அரசு வடத்தின் வழியே கொண்டுவந்தது. 2020 இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது அதன்வழிப் பாடங்கள் நடந்தன. கைப்பேசிக்கு அலை எட்டாத பள்ளத்து வீடுகளுக்கு அது எத்துணைப் பெரிய துணை என்பதை அன்று கண்டேன். ஆகவே எந்த இணைப்பை வாங்கினாலும், பணம் கொடுக்குமுன், கல்வித் தொலைக்காட்சி வருமா, எந்த எண்ணில் வரும் என்று கேட்டு, திரையில் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

என் கருத்தைக் கேட்பீராயின், வடம் எட்டும் ஊரில் அரசு வடம். எட்டாத ஊரில் தட்டு, அதிலும் நீவிரே தேர்ந்த அலைவரிசைகள் மட்டும். சீட்டைப் படிக்க இயலாதவர்கள் ஞாயிறு மாலை பள்ளித் திண்ணைக்கு எடுத்து வாருங்கள். நான் இருப்பேன், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கூட்டிக் கொடுப்பார்கள். இன்னொன்று, இடி இடிக்கத் தொடங்குமுன் பெட்டியின் மின்னிணைப்பையும் தட்டிலிருந்து வரும் கம்பியையும் கழற்றி வைத்துவிடுங்கள். மேற்கே இப்போதே மின்னுகின்றது; தொலைவிலிருந்து வந்தவர்கள் முதலில் புறப்படலாம்.