தொழுநோயும் அங்கத்தினரின் நாணயமும்

(அவிநாசி வட்டாரத்துக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் செய்யப்பட்ட பிரசங்கம்)



ஐக்கிய நாணய சங்கம் என்று பெயர் வைத்த முன்னோர் யோசித்தே வைத்தார்கள். நாணயம் என்ற சொல் காசையும் குறிக்கும். சொன்ன சொல் தவறாமையையும் குறிக்கும். 1904-ம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் இத்தேசத்தில் சங்கங்கள் தோன்றியபோது அவற்றின் அஸ்திவாரமாயிருந்த எண்ணம் ஒன்றுதான். குடியானவனிடம் ஈடு வைக்கப் பொன் இல்லாதிருக்கலாம், ஆனால் அவன் எப்படிப்பட்டவன் என்பது அடுத்த தோட்டத்துக்காரனுக்குத் தெரியும், அத்தெரிவே ஈடாகும். இவ்வளவு நன்றாக மனிதனை எடைபோடத் தெரிந்த சங்கங்கள் ஒரு விஷயத்தில் மாத்திரம் தராசைக் கீழே வைத்துவிடுகின்றன. அதாவது, அங்கத்தினர் ஒருவருக்கோ அவர் வீட்டாருக்கோ தொழுநோய் கண்டதென்று ஊரில் பேச்சு எழும்போது.

பெரியவர்கள் இதைப் பெருவியாதி என்றும் குஷ்டம் என்றும் சொல்லி வந்தார்கள். அவை வசைச்சொற்களாய் ஆகிவிட்டபடியால் தொழுநோய் என்பதே இப்பொழுது வழங்கும் பெயர். இது பூர்வஜன்ம பாவமுமன்று, பரம்பரை வியாதியுமன்று. நார்வே தேசத்து வைத்தியர் ஹான்ஸன் 1873-ம் வருஷத்தில் இதற்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்தார். சிகிச்சை பெறாத நோயாளியோடு நெடுங்காலம் நெருங்கி வாழ்பவருக்கே இது பெரும்பாலும் தொற்றும். அப்படி வாழ்பவர்களிலும் அநேகருக்கு இதைத் தடுக்கும் சக்தி உடம்பிலேயே இயற்கையாக அமைந்திருக்கிறது. கைகுலுக்குவதாலோ, ஒரே பெஞ்சியில் உட்காருவதாலோ வருவதில்லை.

விரல்கள் அழுகி உதிர்கின்றன என்ற எண்ணமே பயத்துக்கெல்லாம் மூலம். உண்மை வேறு. கிருமி தாக்குவது உணர்ச்சி நரம்பை. நரம்பு செத்த இடத்தில் வலி தெரிவதில்லை. வெல்லம் காய்ச்சும் கொப்பரையில் கை பட்டாலும் தெரியாது. மண்வெட்டிப் பிடி உள்ளங்கையை அறுத்தாலும் தெரியாது. காலில் தைத்த முள்ளோடு நாள் முழுதும் ஏற்றமான வரப்பில் நடக்கலாம். புண் ஆறுமுன் மறு புண் உண்டாகி, சீழ் பிடித்து, எலும்பு கரைந்து விரல் குட்டையாகிறது. வலி என்பதை எல்லோரும் சபிக்கிறார்கள். அது இல்லாத கை என்ன பாடுபடும் என்பதை இந்நோயாளியைக் கேட்டால் தெரியும்.

இவ்வுண்மையை உலகுக்கு விளக்கிக் காட்டியவர்களில் முக்கியமானவர் இந்நாட்டிலேயே பிறந்தவர். 1914-ம் வருஷத்தில் கொல்லிமலையில் ஆங்கிலப் பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946-ல் வேலூர் கிறிஸ்துவ வைத்தியக் கல்லூரிக்கு வந்தார். அவரும் அவருடைய சகாக்களும் நோயாளிகளின் புண்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து காரணம் தேடினார்கள். தூங்கும்போது எலி கடித்துத் தின்றதைக்கூட உணராமல் சிலர் விரலை இழந்தது தெரியவந்தது. மடங்கிப்போன விரல்களை நிமிர்த்துவதற்கு, செயலுள்ள தசைநாண்களை இடம் மாற்றி இணைக்கும் ரண சிகிச்சையை 1948 முதல் அவர் செய்யலானார். கைகள் நிமிர்ந்தன.

அதற்குப்பின் நடந்ததுதான் சங்கத்தார் கவனிக்க வேண்டியது. குணமாகி ஊருக்குப் போன சிலர் திரும்பி வந்து அந்த வைத்தியரிடம் முறையிட்டார்கள். நோயாளியாயிருந்தவன் என்று வேலை கொடுப்பார் இல்லை. பிச்சைக்குப் போனாலோ கை நன்றாயிருக்கிறதென்று காசு போடுவார் இல்லை. முன்னே மடங்கிய கையாவது சோறு போட்டது என்றார்கள். வைத்தியம் கொடுத்த கையை ஊர் வாங்கிக்கொள்ளவில்லை. பிறகு அவர்களுக்கென்று வேலூரிலேயே குடியிருப்பு ஒன்று ஏற்படுத்தித் தச்சு முதலிய தொழில்களைக் கற்பிக்க வேண்டியதாயிற்று.

சர்க்காரின் சட்டமும் நெடுங்காலம் ஊரைப்போலவே நடந்துகொண்டது. 1898-ம் வருஷத்துச் சட்டத்தின்படி, பிச்சையெடுக்கும் தொழுநோயாளியையும் பிழைப்புக்கு வழியில்லாமல் திரியும் தொழுநோயாளியையும் வாரண்டில்லாமலே போலீஸார் பிடிக்கலாம். உணவுப் பண்டம் விற்பதையும் வாடகை வண்டி ஓட்டுவதையும் சர்க்கார் தடுக்கலாம். தோட்டமும் வீடும் உள்ள நோயாளியை அச்சட்டம் பிடித்து அடைக்கவில்லை என்பதைப் பார்த்தால், அது பயந்தது கிருமிக்கா ஏழ்மைக்கா என்று கேட்கத் தோன்றும். அச்சட்டம் 2016-ல்தான் ரத்தாயிற்று. தொழுநோயைக் காரணமாகக் காட்டி விவாகரத்துக் கேட்கும் உரிமை 2019-ல் நீக்கப்பட்டது.

சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கியது சங்கத் தீர்மானப் புத்தகத்திலிருந்தும் நீங்கிவிட்டதா? தொழுநோய் என்று எழுதி எந்தக் கமிட்டியும் கடன் மனுவைத் தள்ளுவதில்லை. "ஜாமீன் போதாது" என்று எழுதுவார்கள். மகாசபையன்று எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளரில் காப்பி வரும். ஒருவருக்கு மாத்திரம் காகித டம்ளர் வரும். பாலில் தண்ணீர் கலந்தவனை எச்சரித்துவிட்டு மறுநாளும் அவன் பாலை வாங்கிக்கொள்கிறவர்கள், சிகிச்சை முடிந்து குணமானவரின் வீட்டுப் பாலை ஊற்றிக்கொள்ள யோசிக்கிறார்கள். நெசவாளி ஒருவருக்குக் கையில் தேமல் கண்டால் அவர் நெய்த சேலையைக்கூட ஒதுக்குகிறவர்கள் உண்டு. துணியாலும் பாலாலும் இந்நோய் பரவுவதில்லை.

இவ்விதம் ஒதுக்குவதால் உண்டாகும் நஷ்டம் நோயாளியோடு நிற்பதில்லை. பெண்ணுக்குக் கல்யாணம் நடக்க வேண்டுமே, சீர்வரிசைக்கு உறவினர் வர வேண்டுமே என்று வீட்டார் நோயை மறைக்கிறார்கள். தகப்பனாரைத் தோட்டத்துச் சாளையில் தனியே வைத்துவிடுகிறார்கள். அவிநாசி சர்க்கார் ஆஸ்பத்திரி பக்கத்திலிருக்க, தெரிந்தவர் பார்த்துவிடுவார்களென்று வெளியூர் போய் ஒரு மாதம் மருந்து வாங்கி, மறுமாதம் விட்டுவிடுகிறார்கள். மருந்து நின்றால் கிருமி நிற்பதில்லை. மறைத்து வைத்த நோய்தான் அந்த வீட்டுக் குழந்தையிடம் போய்ச் சேருகிறது. 2023-ம் வருஷத்தில் மாத்திரம் இந்தியாவில் ஒரு லக்ஷத்துக்கு மேற்பட்டவர்களுக்குப் புதிதாக இந்நோய் கண்டுபிடிக்கப்பட்டது. உலகத்துத் தொகையில் இது பாதிக்கு மேல்.

மருந்தில்லாமல் இப்படி ஆகிறதென்றால் விதி என்று சொல்லலாம். 1981-ல் உலக சுகாதார ஸ்தாபனம் சிபாரிசு செய்த கூட்டு மருந்து, சர்க்கார் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. இலேசான வகைக்கு 6 மாதம், கடினமான வகைக்கு 12 மாதம். உட்கொள்ளத் தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குத் தொற்றும் தன்மை பெரிதும் போய்விடுகிறது. பயிர்க்கடனுக்குக் கொடுக்கும் தவணையும் ஏறக்குறைய ஒரு வருஷந்தான். விதைப்புக்குக் கடன் வாங்கியவர் அறுவடை செய்து வட்டியோடு கட்டும்போது நோயும் தீர்ந்திருக்கும். இவருடைய நாணயத்தில் கமிட்டியார் கண்ட குறை எது?

உணர்ச்சி போன கைக்கு மருந்து முடிந்தபிறகும் பாதுகாப்பு வேண்டும். மண்வெட்டி, கொத்து இவற்றின் பிடிக்குத் துணி சுற்றிக்கொள்வது, சூடான பாத்திரத்தைத் துணியில்லாமல் தொடாதிருப்பது, மிருதுவான ரப்பர் செருப்பில்லாமல் நடவாதிருப்பது, மாலையில் கைகால்களைத் தண்ணீரில் ஊறவைத்துப் புண் உண்டா என்று கண்ணால் பார்த்துக்கொள்வது ஆகியவை போதும். கண்ணால் பார்ப்பது அவசியம். வலி வந்து சொல்லாது.

அடுத்த மகாசபைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக் கிராம நர்ஸை அழைக்கலாம். உணர்ச்சியற்ற வெளிறிய தேமலோ சிவந்த தேமலோ உள்ளவர்கள் எல்லோர் முன்னிலையிலும் சட்டையைக் கழற்ற வேண்டியதில்லை. சங்கக் கட்டடத்தின் பின்னறையைத் திறந்து கொடுத்தால் போதும். பெண்களுக்கு வேறு நேரம் குறிக்க வேண்டும். பெயர்களை நர்ஸ் எழுதிக்கொள்வார். குமாஸ்தா எழுத வேண்டாம்.