உள்காய்ச்சலா, மனச்சோர்வா?
(தியாகதுருகம் குழுக் கூட்டத்தில் பேசியது)



"உள்ளுக்குள்ள காயுதுங்க, தெர்மாமீட்டர்ல ஒண்ணும் காட்டல" என்று நம் குழுக்களில் அடிக்கடி கேட்கிறோம். ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு கரும்புக்குச் சோகை உரிக்கப் போய்விடுகிறோம். ராத்திரி தூக்கமில்லை, காரணமில்லாமல் அழுகை வருது என்பதை மட்டும் சொல்வதில்லை.

2024-ல் அமெரிக்காவில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தார் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 106 நாடுகளில் 20,000-க்கும் மேற்பட்டவர்கள், உடம்புச் சூட்டைப் பதியும் மோதிரம் போட்டிருந்தார்கள். மனச்சோர்வு அதிகமானவர்களுக்குச் சூடும் சற்றே அதிகம் இருந்தது. எதனால் எது வந்தது என்று ஆய்வு சொல்லவில்லை. ஆனாலும் 'நடிக்கிறா' என்று இனி யாரையும் சொல்லாதீங்க.

முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காய்ச்சலா என்று பார்த்துவிடுங்கள். மனசு இரண்டு வாரமாகியும் தேறவில்லையா? 14416-க்குப் பேசுங்க. இலவசம், தமிழிலேயே பேசலாம். அடுத்த கூட்டத்தில் சேமிப்பு வசூலித்ததும், பக்கத்தில் இருப்பவரிடம் "ராத்திரி தூங்கினியாம்மா?" என்று கேளுங்கள்.