சேரிப் புத்தி இல்லை, அம்மாவின் நோவு

(மாமல்லபுரம் அருகே சேரிப் பெண்கள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



பள்ளிக்கூடத்தில் நான் பக்கத்துப் பையனைக் கடிப்பேன். சிலேட்டை உடைப்பேன். 'சேரிப் புத்தி'ன்னு வாத்தியார் சொல்வார். அவர் எங்க வீட்டு வாசப்படி மிதிச்சதில்லை.

தங்கச்சி பிறந்ததிலிருந்து அம்மா சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தாள். நான் அழுதால் திரும்பமாட்டாள். தட்டைத் தூக்கி அடிச்சாத்தான் திரும்புவாள். அதைத்தான் கத்துக்கிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். ஊரில் பேய்னு சொல்லி வேப்பிலை அடிச்சாங்க.

வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் கணியம்பாடி வட்டாரத்தில் கிராமத்துப் பெண்களைக் கர்ப்பத்திலிருந்தே தொடர்ந்து பார்த்து 2002இல் எழுதினார்கள். பிரசவத்துக்குப் பிறகு நூற்றுக்கு 11 பேருக்குப் புதிதாக மனச்சோர்வு. காரணம்? குறைந்த வருமானம், ஆண் எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றவரோடும் மனக்கசப்பு, ஒத்தாசைக்கு ஆள் இல்லாமை. பேய் அந்தப் பட்டியலில் இல்லை. அம்மா செய்த குற்றமும் இல்லை.

வருமானம் ஏன் குறைஞ்சது? செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் அறிக்கை கொடுத்தார். 1892இல் அரசாணை வந்து பஞ்சமி நிலம் கிடைத்தது. அது கைமாறிப் போனது. திருப்பிக் கேட்ட காரணைப் போராட்டத்தில் 1994இல் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். நிலம் போன வீட்டில்தான் அம்மா சுருண்டு படுக்கிறாள். பிள்ளை கடிக்கிறது.

அதுக்காக நிலம் வரும்வரை அவள் கிடக்கணுமா? அமெரிக்காவில் 2006இல் வந்த ஓர் ஆய்வு: மூன்று மாத வைத்தியத்தில் தாய் தேறிய வீடுகளில், மனக்கோளாறு இருந்த பிள்ளைகளில் 33 சதம் பேர் தேறினார்கள். தாய் தேறாத வீடுகளில் 12 சதம்தான். தாய்க்குப் பார்த்த வைத்தியம் பிள்ளைக்கும் சேருது.

எங்க அம்மாவைப் பக்கத்து வீட்டு அத்தைதான் ஆஸ்பத்திரிக்கு அழைச்சிட்டுப் போனாங்க. தங்கச்சியை இடுப்பில் தூக்கிக்கிட்டாங்க. ஒருநாள் சாயங்காலம் அம்மா என் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அதுக்கப்புறம்தான் நான் கடிக்கிறது குறைஞ்சது.

இன்னைக்கு 14416க்குப் போன் போட்டால் தமிழில் பேசலாம், காசு வேணாம். மனநல வைத்தியம் நம் உரிமைன்னு 2017 சட்டம் சொல்லுது. அங்கே தங்கி வைத்தியம் பார்க்கிற தாயிடமிருந்து மூன்று வயசுக்குட்பட்ட பிள்ளையைச் சும்மா பிரிக்கக்கூடாதுன்னும் சொல்லுது. கேளுங்க.

நாளைக்கு உங்க தெருவில் ஒரு பிள்ளை கல்லெறிஞ்சா, கையை ஓங்காதீங்க. அவன் வீட்டுக்குள்ள போய் அம்மா எழுந்தாளான்னு பாருங்க.