மாணவர் ஆராயும் நாற்றுறைகள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



 சர்வகலாசாலையிற் பயிலும் மாணவர் ஒருவர் இவ்விழாவிலே பேசவேண்டுமெனச் சங்கத்தார் பணித்தனர். எதைப் பற்றிப் பேசலாம் என ஆலோசித்தபோது, மாணவர் வழக்கமாகப் பேசும் பொருள்களையே நமது பேச்சுக்குப் பொருளாக்குதல் தகும் என எண்ணினோம்.

எந்தப் பாடசாலையின் மலரைப் புரட்டினாலும், எந்த வாலிபர் சங்கத்தின் விவாத நிரலைப் பார்த்தாலும், நான்கு துறைகளே திரும்பத் திரும்ப வருகின்றன. அவை இலக்கியம், சரித்திரம், அரசியல், விளையாட்டு என்பன. கண்ணகி சிறந்தவளா, மாதவி சிறந்தவளா? யாழ்ப்பாணத்தின் ஆதிக்குடிகள் யாவர்? மாணவர் அரசியலில் இறங்கலாமா? விளையாட்டுப் படிப்பைக் கெடுக்குமா? நம் பாட்டன்மார் கேட்ட கேள்விகள் இவை, நாமும் கேட்கின்றோம். "இன்னும் இதுதானா?" என்று பெரியோர் சிலர் அலுத்துக்கொள்வதுமுண்டு.

பொருள் பழையதாயிருப்பது ஒரு குற்றமன்று. சோறு நாடோறும் அதே சோறுதான். பசியோ அன்றன்று புதிதாய் வருகின்றது. விடையை முன்னமே மடியிலே கட்டிக்கொண்டு வினாவை எழுப்புவதுதான் குற்றம். கைதட்டலுக்கு என்று பேசுபவனை எந்தத் துறையும் வளர்க்காது. தன் விருப்பத்தைத் தானே சோதனைக்கு உட்படுத்த முன்வருபவனுக்கு நான்கு துறைகளும் நான்கு ஆசான்களாம். இதுவே நாம் இன்று கூறவந்தது. உதாரணங்களைத் தேடித் தூர தேசம் போகவேண்டியதில்லை. நமது மண்ணிலேயே உண்டு.

முதலாவது, இலக்கியம்

1822இல் நல்லூரிலே பிறந்த ஆறுமுக நாவலர் அவர்கள் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே ஆங்கிலம் பயின்று அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர். பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கியபோது அவருக்குத் துணைநின்றவர். அதன் பின்னரே 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பிரசங்கம், அச்சுக்கூடம், பாலபாடம் என்று மிஷனார் கையாண்ட கருவிகளையெல்லாம் நன்கு ஆராய்ந்து, அவற்றைச் சைவத்துக்கும் தமிழுக்கும் உரியனவாக்கினார். மிஷன் பாடசாலையிலே படித்த பிள்ளை தன் சமயத்துக்கு அந்நியனாய்விடுவான் என்று இன்றும் சிலர் அஞ்சுகின்றனர். மிஷன் பாடசாலையிலே படித்த நாம் இவ்வச்சத்துக்கு நாவலரையே மறுமொழியாகக் காட்டுவோம்.

இன்னொருவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. அவர் 1832இல் பிறந்தார். அமெரிக்க மிஷனார் 1823 முதல் 1855 வரை வட்டுக்கோட்டையில் நடத்திய செமினரியிலே பயின்றார். சென்னைச் சர்வகலாசாலை 1857இல் முதன்முதல் நடத்திய பீ. ஏ. பரீட்சையிலே தேறிய இருவருள் ஒருவர் அவர். மற்றவரும் யாழ்ப்பாணத்தவரான விசுவநாதபிள்ளையே. பட்டத்தோடும் உத்தியோகத்தோடும் பிள்ளையவர்கள் திருப்தியடைந்திருந்தால் அவரை இன்று நினைப்பவர் யார்? உத்தியோகம் பார்த்துக்கொண்டே, செல்லரித்து உதிரும் நிலையிலிருந்த ஏடுகளைத் தேடித் திரட்டினார். தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு 1885இலும், கலித்தொகையை 1887இலும் அச்சேற்றினார். எட்டுத்தொகை நூல்களுள் முதன்முதல் அச்சுருப் பெற்றது அக்கலித்தொகையே.

பதிப்பாசிரியனுடைய தொழிலைச் சற்றே சிந்தியுங்கள். ஓரேட்டிலே ஒரு சொல் இருக்கும். மற்றையதிலே வேறொன்று இருக்கும். மூன்றாவதிலே அவ்விடம் பூச்சிக்கு இரையாகியிருக்கும். காதுக்கு இனிமையான சொல்லை வைத்துக்கொண்டு மேலே செல்ல ஆசை வரும். அந்த ஆசையை அடக்கி, ஏடும் உரையும் இலக்கணமும் யாப்பும் எதற்குச் சாட்சி சொல்கின்றனவோ அதனை ஏற்பவனே பதிப்பாசிரியன். கண்ணகியா மாதவியா என்று முழங்கும் நம்மில் எத்தனைபேர் நூலை ஒருமுறையாவது முதலிலிருந்து முடிவுவரை வாசித்திருக்கிறோம்? இந்தக் கேள்வியை ஒவ்வொருவரும் தமக்குள்ளே கேட்டுக்கொள்வாராக.

இரண்டாவது, சரித்திரம்

இத்துறையிலே ஆசை இன்னும் வலியது. நம் முன்னோர் மிகப் பழையவராகவும் மிகப் பெரியவராகவும் இருந்தனர் என்று கேட்க விரும்பாதவர் யார்? ஒல்லாந்தர் காலத்திலே மயில்வாகனப் புலவர் யாழ்ப்பாண வைபவமாலையை இயற்றினார். அதிலே வரலாறும் உண்டு. கர்ணபரம்பரைக் கதையும் உண்டு. முதலியார் செ. இராசநாயகம் 1926இல் ஆங்கிலத்திலே பண்டைய யாழ்ப்பாணம் பற்றிய பெருநூலை வெளியிட்டார். 1928இல் சுவாமி ஞானப்பிரகாசர் யாழ்ப்பாண வைபவ விமர்சனத்தை வெளியிட்டார். ஒருவர் சைவர், மற்றவர் கத்தோலிக்கத் துறவி. கருத்திலே வேறுபட்ட இருவரும் ஆதாரத்தைக் கொண்டே வாதம் புரிந்தனர். அக்காலத்து யாழ்ப்பாணத்துக்கு அது ஒரு பெருமையன்றோ?

பின்னர் நிலமே பேசத் தொடங்கியது. 1936இல் வல்லிபுரத்திலே கிடைத்த பொன்னேட்டிலே, வசபன் என்னும் மன்னன் காலத்திலே நாகதீபம் என்னும் பகுதியை அமைச்சன் ஒருவன் நிருவகித்த செய்தி பிராமி எழுத்திலே பொறிக்கப்பட்டிருந்தது. 1980ஆம் ஆண்டளவிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆனைக்கோட்டையிலே பெருங்கற்காலப் புதைகுழி ஒன்றை அகழ்ந்தபோது, பிராமி எழுத்துப் பொறித்த சிறிய முத்திரை ஒன்று வெளிப்பட்டது.

இவ்விடத்திலே ஒரு பேராசிரியரின் நேர்மையைச் சொல்லாது விடல் ஆகாது. கா. இந்திரபாலா அவர்கள் இலங்கைத் தமிழ்க் குடியேற்றங்கள் பற்றி 1965இலே இலண்டனிற் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்தவர். அக்காலத்துச் சான்றுகளைக் கொண்டு அவர் கண்ட முடிபு தமிழருட் பலருக்கு உவப்பாயிருக்கவில்லை. ஆயினும் அவர் அதனை மறைக்கவில்லை. பின்னர் அகழ்வாய்வுகளும் கல்வெட்டாய்வுகளும் புதிய சான்றுகளைத் தந்தபோது, 2005இல் வெளியிட்ட நூலிலே, தம் பழைய முடிபு காலங்கடந்ததாயிற்று என்று தாமே கூறினார். முதலிலே நம்மவரின் விருப்பத்துக்கு வளையவில்லை. பின்னர்த் தம்முடைய பெயருக்கும் வளையவில்லை. நாற்பது ஆண்டுகள் கழித்துத் தம் சொல்லைத் தாமே திருத்தும் துணிவு, மேடையிலே வீரம் பேசும் துணிவிலும் பெரிது. மாணவனுக்கு இதனினும் நல்ல சரித்திர பாடம் வேறில்லை.

மூன்றாவது, அரசியல்

"படிக்கும் பிள்ளைகளுக்கு அரசியல் எதற்கு?" என்பது பெரியோர் வாக்கு. அதன் பின்னே அன்பும் அச்சமும் இருக்கின்றன. நாட்டிலே நடந்தவற்றை அறிந்தோர் அதனை எளிதாகத் தள்ளிவிட மாட்டார்கள். ஆயினும் 1924இல் யாழ்ப்பாணத்திலே மாணவர் காங்கிரஸ் என்றொரு சபை தோன்றியதை மறத்தலாகாது. பின்னர் அது வாலிபர் காங்கிரஸ் ஆயிற்று. அதனை முன்னின்று நடத்திய ஹண்டி பேரின்பநாயகம் கிறிஸ்தவர். யாழ்ப்பாணக் கல்லூரி ஆசிரியர். பிற்காலத்திலே கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராயும் விளங்கினார். 1927 நவம்பரிலே காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்தவர்கள் இவ்வாலிபர்களே. தாய்மொழிக் கல்வி வேண்டும் என்றனர். சாதிக் கொடுமையைக் கண்டித்தனர். சமபந்தியிலே இருந்து உண்டனர். சிங்கள நண்பர்களைத் தம் மகாநாடுகளுக்கு அழைத்து மரியாதை செய்தனர்.

அவர்களுடைய பெருஞ்செயல் 1931இலே நிகழ்ந்தது. டொனமூர் அரசியற்றிட்டம் பூரண சுயராச்சியத்தைத் தரவில்லை என்று கூறிச் சட்டசபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கும்படி வேண்டினர். குடாநாட்டுத் தொகுதிகள் நான்கிலும் ஒருவரேனும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. வாலிபரின் வார்த்தைக்கு நாடே செவிசாய்த்தது எனலாம்.

விளைவையும் பார்க்கவேண்டும். அதே திட்டந்தான் வளர்ந்தோர் யாவருக்கும், ஆண் பெண், ஏழை செல்வர், உயர்ந்தோர் தாழ்ந்தோர் எனப்பட்டோர் எவருக்கும் வாக்குரிமை தந்தது. குடாநாட்டிலே அந்த முதல் வாக்கு அளிக்கப்படாமலே போயிற்று. 1934இல் இடைத்தேர்தல் நடக்கும்வரை அத்தொகுதிகளுக்குச் சபையிலே பிரதிநிதிகள் இல்லை. கொள்கை தூயது என்பதிலே ஐயமில்லை. அதற்கு விலை கொடுத்தவர் யாவர்? வாக்குரிமையைத் தவிர வேறு ஆயுதம் இல்லாதவர்களே பெரும்பங்கு கொடுத்தனர். அரசியலிலே எழுத்தேடு மனிதர்தாம். நமது தீர்மானத்தை அவர்களுடைய வாழ்வோடு ஒப்பிட்டுத்தான் சரி பிழை பார்க்கவேண்டும். அவ்வாலிபர்களைப் போற்றுதற்கும் அவர்களுடைய தீர்மானத்தை ஆராய்தற்கும் நமக்கு ஒருங்கே உரிமை உண்டு.

இந்து வாலிபர் என்ற பெயரைத் தாங்கிய நமக்கு இன்னொரு கடமையும் உளது. பிறர் செய்த அநீதியை அளந்து பேச நன்கு கற்றுள்ளோம். 1968இலே மாவிட்டபுரம் கோயில் வாயிலிலே, உள்ளே சென்று முருகனை வணங்க அனுமதி கேட்டு நின்றவர்கள் நம்மவர். அவர்களை மறித்தவர்களும் நம்மவர். அதே அளவுகோலை நம் வாயிலுக்கும் பிடிக்காத அரசியல், பாதி அரசியலே. நம் சங்கத்து அன்னதானப் பந்தியிலும் நிருவாகசபையிலும் எவருக்கு இடம் இருக்கின்றது, எவருக்கு இல்லை என்பதைக் கேட்கும் கடமை நம் தலைமுறைக்கு உண்டு. பெரியோர் இதனை அவமதிப்பாகக் கொள்ளாது அருள்வாராக.

நான்காவது, விளையாட்டு

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் கிரிக்கெட் ஆட்டத்தை நாம் வடக்கின் பெரும் போர் என்கின்றோம். மைதானத்திலே ஆடுவோர் இருபத்திருவர். சுற்றிநின்று கூவுவோர் ஆயிரவர். கூவுதல் தேகாப்பியாசம் ஆகாது.

மத்திய கல்லூரி மாணவராயிருந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கிலும் உயரம் பாய்ந்தார். 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவிலே 2.03 மீற்றர் பாய்ந்து, அவ்விழாக்களிலே இலங்கைக்கு முதலாவது தங்கப் பதக்கத்தை ஈட்டினார். 1962இலே ஜகார்த்தாவிலே வெள்ளி பெற்றார். படிப்பையும் கைவிட்டவரல்லர், அமெரிக்காவிலே கோர்ணெல் சர்வகலாசாலையிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். விளையாட்டுப் படிப்பைக் கெடுக்குமா என்ற விவாதத்துக்கு இவ்வொருவரே போதும்.

உயரம் பாய்தலிலே ஓர் அதிசயம் உண்டு. வென்றவனுங்கூடப் பெரும்பாலும் கம்பைத் தட்டிவிட்டே போட்டியை முடிக்கின்றான். மற்றவர் யாவரும் விலகியபின்னரும் கம்பை உயர்த்தச் சொல்லி, தன்னால் இயலாத உயரம் எதுவென்று காணும்வரை பாய்கின்றான். குறுக்குக் கம்புக்கு முகஸ்துதி தெரியாது, குலம் தெரியாது, நேற்றுப் பெற்ற பதக்கமும் தெரியாது. ஏடும் மண்வெட்டியும் மக்கள் வாழ்வும் மற்றைய மூன்று துறைகளிலே இக்கம்பைப் போன்றவையே. அவை விழுந்தால் விழுந்ததுதான். விழவில்லை என்று கூவிப் பயனில்லை.

அன்பர்களே, முடிவாக மூன்று விண்ணப்பங்கள்.

வாலிபர்களுக்கு ஒன்று. இனிமேல் நம் விவாதங்களிலே ஒவ்வொருவரும் தாம் நம்பும் பக்கத்தை ஒருமுறையும், நம்பாத பக்கத்தை ஒருமுறையும் பேசுவோமாக. எதிர்ப்பக்கத்தின் நல்ல நியாயத்தைச் சொல்ல அறியாதவன் தன் பக்கத்தையும் அறியாதவனே.

பெரியோர்களுக்கு ஒன்று. 1981இலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் திரும்பக் கிடைக்காத ஏடுகளும் சாம்பலாயின. அதன் பின்னர் இடப்பெயர்வுகளிலே வீட்டுக்கு வீடு எத்தனையோ அழிந்தன. எஞ்சியவை உங்கள் பெட்டகங்களிலே, பரண்களிலே கிடக்கின்றன: பழைய மலர்கள், கடிதங்கள், உறுதிகள், கோயிற் கணக்குகள், ஓலைகள். அவற்றைத் திறந்து காட்டுங்கள். நாங்கள் படம்பிடித்துப் பட்டியலிட்டு, மூலத்தை உங்களிடமே தருவோம். இந்த ஒரு பணியையாவது இவ்வாண்டிலே சங்கம் ஏற்கவேண்டும். தாமோதரம்பிள்ளை ஏடு தேடியபோது கறையான்தான் பகை; இன்று நம் சோம்பலும் கூடச் சேர்ந்திருக்கின்றது.

இருபாலார்க்கும் ஒன்று. நாங்கள் தவறான முடிபுக்கு வந்தால் அதட்டி அடக்காது, சான்று காட்டித் திருத்துங்கள். உங்கள் முடிபை நாங்கள் ஐயுற்றால் அதனை மரியாதைக் குறைவு என்று கருதாதிருங்கள். வினாவும் விடையுமாகவே நம் சாஸ்திரங்கள் பல நடக்கின்றன. குருவை வினாவுதல் சைவத்துக்குப் புதிதன்று.

பழைய பொருள்களையே நாளையும் பேசுவோம். பேசுமுன் ஏட்டைப் புரட்டுவோம், நிலத்தைக் கேட்போம், மனிதரைப் பார்ப்போம், கம்பை ஒரு விரற்கடை உயர்த்துவோம்.